நாலாம் தறி

ஆடிக் காற்று அடங்கி ஆவணி பிறந்திருந்த ஒரு காலையில், பாவடித் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஆறாம் வகுப்புப் படிக்கும் கனிஷ்காவின் மூச்சுக்கு ஓட ஆரம்பித்தன. அவள் மூச்சு சீராக வந்தால் தறி சீராக ஓடும், இழுத்தால் தறியும் இழுக்கும் என்று ஆகிவிட்டது. அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு வீசிங் வந்திருந்ததால், தெரு முழுக்க, ஊடைநூலைச் சுமந்து தறிக்குக் குறுக்கே ஓடுகிற நாடாக்கள் பாதி வழியில் நின்று, யோசித்து, பிறகு மனசில்லாமல் மறுபாதியைக் கடந்துகொண்டிருந்தன. பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் புதூரில் வீட்டுக்கு வீடு பின்கட்டில் தறிக்குடோன் உண்டு. தறி தகராறு செய்தால் முதலில் மோட்டாரைப் பார்ப்பார்கள், அடுத்துக் கரண்டைப் பார்ப்பார்கள், அதற்கும் அடுத்து யாரையாவது திட்டுவார்கள். அன்றைக்கு மூன்றையும் வரிசையாகச் செய்து முடித்தும் தறிகள் சரியாகவில்லை.

கனிஷ்காவின் அம்மா வசந்தாமணி மட்டும் மோட்டாரைப் பார்க்கப் போகவில்லை. முன்னறையில் மகளை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகில் கை வைத்து, அந்தச் சின்ன நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். எந்த இழுப்பு மருந்துக்கு அடங்கும், எந்த இழுப்புக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பது அவளுக்குக் காதிலேயே தெரியும். சமையலறைக்குப் போய்க் கொள்ளு டப்பாவுக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த நீல இன்ஹேலரை எடுத்துத் துடைத்து, குலுக்கி, பிளாஸ்டிக் குடுவையில் மாட்டி மகளின் வாயில் வைத்தாள்.

“மெதுவா இழு கண்ணு. இழுத்துப் புடி. இப்ப உடு.”

கனிஷ்காவின் தோள்கள் ஏறி இறங்குவது கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்தது. பின்கட்டில் இருந்த அவர்களுடைய நாலு தறிகளும், எதிர்வீட்டுத் தறிகளும், தெருக்கோடியில் ஆறுச்சாமியின் பெரிய குடோனும் அதே நேரத்தில் கொஞ்சங்கொஞ்சமாகத் தட்டுத்தடுமாறலை விட்டு ஓட்டத்துக்கு வந்தன. வசந்தாமணி மகளின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே பின்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டியிருந்ததால், அதைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனாள்.

இன்ஹேலர் ஏன் கொள்ளு டப்பாவில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வீட்டில் வசந்தாமணியின் கணவனுடைய அக்கா துளசிமணி இருந்தாள். ஊர் வழக்கப்படி வசந்தாமணி அவளை நங்கையா என்று கூப்பிடுவாள். துளசிமணி கெட்டவள் இல்லை. கனிஷ்காவுக்கு இழுப்பு என்றால் தூதுவளை ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடி வருகிறவள் அவள்தான். ஆனால் அந்த நீலக் குழலைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. “பொட்டப்புள்ளைக்கு இந்த வயசுலயே பம்பைப் புடிச்சு உட்டீனா, நாளைக்குப் பொண்ணு கேட்டு எவன் வருவான்? பழகிப்போச்சுன்னா அப்பறம் அதை உடவே முடியாது புள்ள,” என்பாள். டாக்டரம்மா சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சலித்துப்போய், காலையும் மாலையும் தினமும் இழுக்க வேண்டிய மருந்தை வசந்தாமணி சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கொடுத்தாள், அவசரத்துக்கு இழுக்கிற நீலத்தைக் கொள்ளுக்குள் புதைத்து வைத்தாள். தன் பிள்ளை மூச்சு விடுவதற்கு ஒளிந்து மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே டப்பாவை அழுத்தி மூடுவாள்.

கணவன் சென்னியப்பன் இதில் எந்தப் பக்கமும் சேரமாட்டான். சாதுவான மனுஷன். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முவான், கத்திரிக்காய் சாப்பிட்டால் முழங்கை மடிப்பில் சொறிந்துகொள்வான், தறிக்குடோனில் இருமிவிட்டு யாராவது பார்த்தால் தொண்டையைச் செருமியதாகக் காட்டிக்கொள்வான். “பஞ்சுத் தூசிதான் நமக்குச் சோறு போடுது. அதைப் போய்ச் சீக்குன்னு சொன்னா எப்புடி?” என்பதுதான் அவன் இந்த விஷயத்தில் பேசிய அதிகபட்சப் பேச்சு. அவர்களுடைய நாலு தறிகளில் மூன்று மகளின் மூச்சைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டன. சுவரோரத்து நாலாவது மட்டும், அதிலும் காலை வேளைகளில், தன் பாட்டுக்குப் பிந்தி ஓடியது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்றான் சென்னியப்பன்.

தெருவுக்கு விஷயம் தெரிந்தது ஆறுச்சாமியால்தான். தெருவிலேயே அதிகத் தறி வைத்திருப்பவர் அவர், அதனால் அதிகக் கவலையும் அவருக்குத்தான். தறி ஏன் இப்படிச் செய்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், வாசலில் நின்ற கனிஷ்காவிடம் பேச்சுக் கொடுத்தார். அவள் எதற்கோ கொல்லென்று சிரிக்க, தெருத் தறிகள் எல்லாம் ஒரு துள்ளுத் துள்ளின. ஆறுச்சாமி அவள் முன்னால் குனிந்தார்.

“கண்ணு, சித்த மூச்சைப் புடி பாக்கலாம்.”

அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். பாவடித் தெரு நின்றது. பின்கட்டிலிருந்து ஒரே ஒரு தறி மட்டும் டடக் டடக்கென்று இன்னும் கொஞ்சம் ஓடியது.

“போதும், போதும். உடு சாமி,” என்றார் ஆறுச்சாமி. உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகு, “அது ஒண்ணு மட்டும் ஏனுங்க நிக்கல?” என்று கேட்டார்.

“பெல்ட்டுங்ணா,” என்றான் சென்னியப்பன்.

அதற்கப்புறம் ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. புதூரில் கரண்ட் ஏன் வருகிறது என்று யாரும் கேட்டதில்லை, எப்போது போகும் என்றுதான் கேட்பார்கள். அதே போல, பாப்பாவுக்கு எதனால் இழுக்கும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். வசந்தாமணி சொன்னாள். நாலு வருஷமாகச் சொன்னதையேதான் சொன்னாள், இந்தத் தடவை காது கொடுத்தார்கள். தறிக்கடியில் சேருகிற பஞ்சை விளக்குமாறால் பறக்கவிடாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுக்கப் பழகினார்கள், வரமிளகாய் வறுப்பதை அவள் பள்ளிக்கூடம் போன பிறகு வைத்துக்கொண்டார்கள், கொசுவத்திச் சுருளைக் கடாசிவிட்டுக் கொசுவலை கட்டிப் படுத்தார்கள், குப்பைக்குத் தீ வைக்கப் போனவனைத் தெருவே கூடி வைதது, பீடியை விட முடியாத ஆறுச்சாமி ஊருக்கு வெளியே வேப்பமரம் வரைக்கும் நடந்து போய்க் குடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துச் சட்டையை உதறிக்கொண்டு வந்தார். திருப்பூரிலிருந்து நூல் அனுப்புகிறவர்கள் போன் செய்தால், “பாப்பா நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு. கணக்குப் பரீட்சையில் அவள் பெருமூச்சு விட்டால் நாடாக்கள் ஒரு தடவை தயங்கும், கேள்வி கஷ்டம் போலிருக்கிறது என்று தறி ஓட்டுகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அவள் அசந்து தூங்குகிற நேரத்தில் நெய்த துணிக்குத் தனி மழமழப்பு வந்திருந்தது, அதை மட்டும் கேட்டு வாங்கிப் போக ஆட்கள் வந்தார்கள்.

ஓட்டம்தான் தகராறாகப் போனது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்காகக் கனிஷ்கா ஓடிப் பழக ஆரம்பித்ததும், தறிகள் தலைதெறிக்க ஓடிப் பாவு நூலையெல்லாம் அறுத்துத் தள்ளின. ஆறுச்சாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“ஓட வேண்டாமுன்னு சொல்லலீங்கம்மா. நடந்தாப் போதுமேன்னு சொல்றோம்.”

கதவுக்குப் பின்னால் கனிஷ்கா நின்று கேட்டுக்கொண்டிருப்பது வசந்தாமணிக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் இழுக்குமே என்று பயந்து தானே பிள்ளையை ஓடவிடாமல் வைத்திருந்ததும், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு நன்றாக ஓடட்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், முதல் நாள் ஓடிவிட்டு வந்து அவள் முகம் மலர்ந்து நின்றதும் நினைவுக்கு வந்தன.

“உங்க தறிக்குன்னு அவளுக்கு மூச்சு வரலீங்ணா. அவ மூச்சுக்குத்தான் உங்க தறி வந்திருக்குது,” என்றாள். “ஓடட்டுமுங்க.”

ஆறுச்சாமி நாலு பேரையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். அவர்கள் மோசமானவர்கள் இல்லை, நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டியவர்கள், அவ்வளவுதான். போய்ப் பேசிக்கொண்டு, ஓட்டப் பயிற்சி இருக்கிற வேளைக்கு அறுபடாத முரட்டு நூலைப் போட்டு ஜமக்காளத் துணி நெய்வது என்று முடிவு செய்தார்கள். கனிஷ்கா பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். புதூரில் அந்த வருஷம் ஜமக்காளம் இல்லாத வீடு இல்லை.

ஆயுத பூஜை வந்தது. தறிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் தெருவில் பேசுவது காதில் விழும். முந்தின நாளே மோட்டாரை அணைத்து, உத்தரத்தில் ஒரு வருஷமாக ஒட்டியிருக்கிற பஞ்சையெல்லாம் அடித்து இறக்கி, குடோன்களைக் கழுவிவிட்டார்கள். அந்தத் தூசி ஆகாது என்று கனிஷ்காவை அவிநாசியில் மாமன் வீட்டுக்கு அனுப்பி, கழுவிய தரை காய்ந்த பிறகுதான் வரச் சொன்னார்கள். அவ்வளவு பதமாக நடந்துகொண்டார்கள்.

பூஜையன்று காலையில் துளசிமணி தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவையோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“வசந்தா, அந்தப் பம்பைக் குடு. ஆறுச்சாமியண்ணன் குடோன்ல நாடாவுக்குப் பக்கத்துல வெச்சுப் பூசை போடோணுமுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. தெருவையே ஓட்டறது அதுதான.”

வசந்தாமணி கொள்ளு டப்பாவை எட்டி எடுத்தாள். எந்தக் கைக்குப் பயந்து கொள்ளுக்குள் புதைத்து வைத்தாளோ அந்தக் கையே நீண்டு வந்து அதைக் கேட்கிறது, அதுவும் சாமி முன்னால் வைக்க. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. புரட்டாசி முழுக்கப் பிள்ளைக்கு இழுப்பே இல்லையே, ஒரு நாள்தானே என்று நினைத்தாள். நீலக் குழலைக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஆறுச்சாமியின் குடோனில் தறிகளுக்கெல்லாம் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, நடுவில் தலைவாழை இலை விரித்திருந்தது. நாடா, கத்திரிக்கோல், ஸ்பானர், எண்ணெய்க் கேன் எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக இன்ஹேலர் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தெருவே கைகூப்பி நின்றது. அந்தப் பிள்ளையின் மூச்சு நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு குடோன்காரரும் வழக்கத்தைவிட இரண்டு பிடி சாம்பிராணியைச் சேர்த்தே தணலில் போட்டார்கள். கொசுவத்தியை ஒழித்தவர்கள், குப்பைப் புகையை ஒழித்தவர்கள், பீடியை ஊருக்கு வெளியே துரத்தியவர்கள், சாமிக்குப் போடுகிற புகையை மட்டும் புகைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. வசந்தாமணியும்தான் சேர்த்திருக்கவில்லை. வெள்ளை வெளேரென்று திரண்டு குடோனை மூடிய புகைக்குள், அவள் மகள் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள்.

முதலில் அசைந்தது வாழைக்கன்றுதான். பிறகு அது கட்டியிருந்த தறி அசைந்தது. மோட்டார் அணைந்திருக்க, மெயின் சுவிட்ச் இறக்கியிருக்க, மாலையோடும் பொட்டோடும் நின்ற தறிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அரை ஓட்டம் இழுத்து, நின்று, மறுபடி இழுத்தன. யாரும் கத்தவில்லை. எல்லாரும் திரும்பிக் கனிஷ்காவைப் பார்த்தார்கள். அவள் உதடுகளைக் குவித்துக்கொண்டு, கழுத்துக்குழி உள்ளே போய் வர, அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி இலையை நோக்கி நடந்தாள். துளசிமணி பழக்கதோஷத்தில் குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

“பூசையில வெச்சது புள்ள... சித்த இரு, சாமிகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டு...”

“சாமி மூச்சு உட்டுட்டுத்தான் இருக்குது நங்கையா. இவளுக்குத்தான் முட்டுது.”

துளசிமணியின் கை தானாக இறங்கியது. வசந்தாமணி இலையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். வாய் வைக்கிற இடத்தில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. மகளைப் புகைக்கு வெளியே தெருவுக்கு நடத்திக்கொண்டு போய் உட்கார வைத்து, முந்தானையால் சந்தனத்தை வழித்துத் துடைத்து, குலுக்கி, ஒருதரம் காற்றில் அடித்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து குடுவையை எடுத்துக்கொண்டு துளசிமணியே ஓடி வந்தாள். அதற்குள் சென்னியப்பன் கூஜாத் தண்ணீரைத் தணலில் கொட்ட, அதைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் தங்கள் தூபக்காலை அணைத்தார்கள். மெதுவாக இழு கண்ணு, இழுத்துப் பிடி, இப்போது விடு. தெரு முழுக்க அவளோடு சேர்ந்து இழுத்துப் பிடித்து விட்டது. மருந்து இறங்க இறங்கத் தறிகளின் இழுப்பும் இறங்கி, கடைசியில் அவை மாலையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறவை போல நின்றன.

வசந்தாமணி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். ஆறுச்சாமி கும்பிட்ட கையைப் பிரிக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

“உங்க மேல தப்பில்லீங்ணா,” என்றாள் அவள். “கொள்ளு டப்பாவுல ஒளிச்சு வெச்சதும் நாந்தான், கும்புடறதுக்குக் குடுத்ததும் நாந்தான். அதை ஒளிக்கவும் வேண்டாம், கும்புடவும் வேண்டாம். கைக்கு எட்டற எடத்துல இருந்தாப் போதும்.”

மறுநாள் துளசிமணி, கனிஷ்கா தூங்கும்போது நெய்த அந்த மழமழப்புத் துணியில் சுருக்குப்பை ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள். முன்வாசலில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், வருகிற போகிற எல்லாரும் பார்க்கிற இடத்தில், தானே ஆணி அடித்து அதை மாட்டி, நீலக் குழலைப் போட்டு வைத்தாள். பள்ளிக்கூடப் பைக்கென்று இன்னொன்றும் வாங்கினார்கள். பெண் பார்க்க யார் வருவார்கள் என்று துளசிமணி அப்புறம் பேசவில்லை. யாராவது பேசினால், “மூச்சு உடத் தெரிஞ்ச மாப்பிள்ளையாப் பாத்துக்கலாம்,” என்றாள்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குப் புகை இல்லை. பூ, பொரி, நெய்விளக்கு, அவ்வளவுதான். தலைவாழை இலையில் மருந்து தீர்ந்துபோன பழைய இன்ஹேலர் ஒன்று பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஓடுகிற இன்ஹேலர் ஆணியில் தொங்கியது. அறுபடுவதற்கு நூல் இல்லாத நாள் என்பதால் கனிஷ்கா தெருக்கோடிக்கும் தெருக்கோடிக்குமாக ஆசை தீர ஓடிக்கொண்டிருந்தாள். அணைந்து கிடந்த தறிகள் அவள் ஓட்டத்துக்கு லேசாகத் தாளம் போட்டுக்கொண்டு நின்றன. வசந்தாமணி பின்கட்டில் தங்கள் தறிகளுக்குச் சந்தனம் வைத்தபடி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் பிள்ளையோடு ஓடின. நாலாவதுக்கு வந்து பொட்டு வைக்கப் போனவள் நின்றாள். அது இழுத்தது. நாடா பாதி வழியில் நின்று யோசித்தது.

“பெல்ட்டு...” என்றான் சுவரோரத்து ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்த சென்னியப்பன்.

பெல்ட்டுகள் நாலும் நேற்றே கழற்றித் துடைத்து எதிர்ச்சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. வசந்தாமணி அவற்றைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். நேற்று முழுக்க உத்தரத்தில் ஏறி ஒட்டடை அடித்தவன், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, தோளை உயர்த்தி உயர்த்தி, சத்தம் வராமல் மூச்சு விடப் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே போனதும் அந்த விசில் சத்தம் அவளுக்குக் கேட்டது. காதிலேயே எல்லாம் தெரியும் என்று இருந்தவளுக்கு, ஒரே வீட்டில் இத்தனை வருஷமாக இன்னொரு நெஞ்சில் அடித்த விசில் கேட்காமலே போயிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?”

“ஒரு ஊட்டுக்கு ஒரு சீக்கு போதாதா வசந்தா?” என்றான் அவன், இடையிடையே நிறுத்தி நிறுத்தி.

வாசல் பக்கமிருந்து கனிஷ்கா வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், நாலாம் தறியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் ஆணியில் தொங்கிய சுருக்குப்பையையும், கழுவி வைத்திருந்த குடுவையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இப்போதைக்கு என்னோடது இழுங்க. நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போயி உங்களுக்குன்னு வாங்கிக்கலாம்,” என்றாள். “நிமிந்து உக்காருங்கப்பா.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள்.

“மெதுவா இழுங்க. இழுத்துப் புடிங்க. இப்ப உடுங்க.”

பாதி வழியில் நின்றிருந்த நாடா மெல்ல அசைந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.